பதினாறு ஏ

பச்சையப்பனுக்கு மூன்று மனைவிகள் என்று சங்கமே அட்டை அடித்துக் கொடுத்துவிட்டது.

நடந்தது 2005, ஆடி மாதம். ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு மருத்துவ அட்டை வழங்கியது. அட்டையைக் காட்டினால் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கே வைத்தியம். முன்பக்கம் உறுப்பினரின் போட்டோ, பெயர், தறி எண். பின்பக்கம் குடும்பத்தார் பெயர்கள். பதினாறாம் நம்பர் தறிக்காரர் பச்சையப்பன் ஆசையாக அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மனைவி பொன்னம்மாள். மனைவி தனகோடி. மறுபடியும் மனைவி தனகோடி. அதற்குக் கீழே ஆறு பிள்ளைகள். அவருக்கு இருப்பதோ ஒரே மனைவி, இரண்டு பெண்கள்.

தனகோடி அடுத்த தெருவில் இருக்கும் சடையப்பனின் மனைவி. சடையப்பன் தன் அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் வழித்துத் துடைத்ததுபோல் காலியாக இருந்தது. பெண்டாட்டியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இந்த இரண்டு வீட்டாரைத் தவிர தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். பொன்னம்மாள் ஒரு பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறிக் கண்ணமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அட்டையில்தான் தப்பு என்று அவளுக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் எல்லாம் "தனகோடி சௌக்கியமா?" என்று கேட்டால் எத்தனை நாள்தான் பொறுப்பாள்.

பச்சையப்பன் சங்கத்து வாசலில் நின்று கத்தினார். "ஒருத்தியை வச்சிகினே நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். நீங்க இன்னாடான்னா மூணு எழுதிக் குடுத்துகினு கீறீங்க!"

இப்படி அறுபது அட்டைகளுக்கு மேல் திரும்பி வந்தன. செயலாளர் சம்பந்தம் நிர்வாகக் குழுவைக் கூட்டினார். கூட்டிவிட்டு ஜெயவேலுக்குப் போன் போட்டார்.

ஜெயவேல் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். முப்பத்திரண்டு வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சங்கத்துக்கு, உறுப்பினர் விவரமெல்லாம் இருக்கும் அந்த டேட்டாபேஸைச் செய்து கொடுத்தவன் அவன்தான். அவனுடைய முதல் பெரிய வேலை. அதைக் காட்டித்தான் அதற்குப் பிறகு நாலு இடத்தில் வேலை வாங்கியிருந்தான். இப்போது வந்தவாசியில் ஒரு சங்கத்தோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது, அநேகமாக முடிகிற நிலைமை. அந்த நேரத்தில் பார்த்து ஆரணியில் ஒருத்தருக்கு மூன்று மனைவி என்றால் வந்தவாசிக்காரர்கள் கையெழுத்துப் போடுவார்களா?

அவன் போனபோது குழுவில் பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் அடுத்த அறையில் இருந்தது. ஆபரேட்டர் ஸ்வர்ணலதா எழுந்து நாற்காலியை அவனுக்கு விட்டுக் கொடுத்தாள். மூன்று வருஷமாக அந்த மெஷினைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதான். நானூறு குடும்பங்களின் பெயர்களையும் ரேஷன் கார்டைப் பார்த்துப் பார்த்து இரண்டே மாதத்தில் ஏற்றியவளும் அவள்தான்.

"சார், அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணேனே..." என்று ஆரம்பித்தாள்.

"இருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தான் ஜெயவேல்.

அந்த டேட்டாபேஸில் இரண்டு அட்டவணைகள் முக்கியமானவை. ஒன்றில் உறுப்பினர்கள், இன்னொன்றில் குடும்பத்தார். இரண்டையும் பிடித்துவைத்திருப்பது தறி எண். இந்தத் தறி எண்ணுக்கு இந்தக் குடும்பம், உறுப்பினர் பட்டியலில் இல்லாத எண்ணுக்கு ஒரு பெயரும் ஏற்ற முடியாது என்று நடுவில் ஒரு தொடர்பு போட்டிருந்தான். திரையில் அது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு கோடாகத் தெரியும். ரிலேஷன்ஷிப் என்பார்கள். ஜெயவேல் அந்த இடத்தைத் திறந்தான். பெட்டிகள் இரண்டும் இருந்தன. கோட்டைக் காணவில்லை.

அவனுக்கு உடம்பே லேசாகிப்போனது. அப்பாடா, தப்பு தன்னுடையது இல்லை, யாரோ எடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் தோண்டியிருக்கலாம். தோண்டவில்லை. நேராகப் போய்க் குழுவின் முன்னால் நின்றான்.

"ரெண்டு டேபிளுக்கும் நடுவுல இருந்த ரிலேஷன்ஷிப் அறுந்து போயிருக்குங்க. அதனாலதான் ஒருத்தர் குடும்பம் இன்னொருத்தருக்குப் போயிடுச்சி."

"அது தானா அறுந்துடுமாப்பா?" என்று கேட்டார் சம்பந்தம்.

"தானா அறுபடாதுங்க. யாராச்சும் டிசைன் உள்ள போயி எடுத்தாத்தான் உண்டு."

பன்னிரண்டு தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. ஸ்வர்ணலதா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் டிசைன் பக்கம் போனதே இல்லீங்க. எனக்கு அது தெரியவும் தெரியாது" என்றாள்.

"தெரியாம கை பட்டிருக்கும்மா" என்றார் ஒருத்தர். "தெரியாம கை பட்டா மூணு பொண்டாட்டி வந்துடுமா? யார் மேலயாவது கோவம் இருந்திருக்கும், அதைத் தீத்துகினு கீது" என்றார் இன்னொருத்தர். அரை மணி நேரம் இப்படியே பேசி, கொஞ்ச நாளைக்கு அந்தப் பெண் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். யாரும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஜெயவேல் அவள் பெயரைச் சொல்லவில்லை. 'நான் யார் பேரையும் சொல்லலையே' என்று பிறகு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரே ஒருத்தி தொடுகிற மெஷினுக்குப் பெயர் வேறு சொல்ல வேண்டுமா என்ன.

மறுநாள் காலையில் கோட்டைத் திரும்பப் போட உட்கார்ந்தான். இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு இழுத்துவிட்டால் முடிந்தது, ஒரு நிமிஷ வேலை. மெஷின் மாட்டேன் என்றது. இரண்டு பக்கமும் ஒரே வகையாக இல்லை, அதனால் சேர்க்க முடியாது என்று சொன்னது. குடும்பப் பட்டியலில் தறி எண் வெறும் எண்ணாக இருந்தது. உறுப்பினர் பட்டியலில் அதே தறி எண் எழுத்து வகையாக இருந்தது. ஜெயவேலுக்குக் குழப்பமாகிவிட்டது. இரண்டையும் எண்ணாகத்தானே வைத்தோம்? உறுப்பினர் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே வந்தான். ஏழு. அடுத்து ஏழு ஏ. பதினாறு, பச்சையப்பன். அடுத்து பதினாறு ஏ, சடையப்பன். இருபத்தைந்து ஏ. முப்பத்து நாலு ஏ. எண்ணிப் பார்த்தான். மொத்தம் முப்பத்தோரு ஏ.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தறிக்காரர்களுக்கு எட்டு ஆகாது. எட்டு சனியின் எண். அந்த நம்பர் தறியில் உட்கார்ந்தால் இழை அறும், ஜரிகை அறும், வீட்டில் நிம்மதி அறும். கூட்டினால் எட்டு வருகிற பதினேழு, இருபத்தாறு எல்லாம் அதே கணக்குதான். அதனால் சங்கத்தின் பழைய நோட்டுகளில் எட்டு என்று ஒரு தறியே கிடையாது. ஏழுக்குப் பிறகு ஏழு ஏ, பதினாறுக்குப் பிறகு பதினாறு ஏ. ஜெயவேலும் அதே ஊர்க்காரன், அதெல்லாம் தெரிந்தவன்தான். ஆனால் மெஷின் வரிசையாக எண் போடட்டும் என்று விட்டுவிட்டான். 2002 தை மாதம், கம்ப்யூட்டர் திறப்பு விழா அன்று காலையில், சடையப்பன் வந்து திரையில் தன் பெயருக்கு நேரே பதினேழைப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர்ல எனக்குப் பாவு நூலே வேணாம், ஆளை உடுங்க" என்று கிளம்பிவிட்டார். அவர் பின்னாலேயே முப்பது பேர்.

சம்பந்தம் ஓடி வந்தார். "காலங்காலமா நோட்டுல பதினாறு ஏ-தாம்ப்பா. ஜல்தி மாத்து, ஆபீசர் வந்துகினு கீறாரு."

எண் வகையில் ஏ என்று எழுதமுடியாது. வகையை மாற்றவேண்டும் என்றால் முதலில் கோட்டை எடுக்கவேண்டும். ஜெயவேல் எடுத்தான். உறுப்பினர் பட்டியலில் வகையை மாற்றினான். குடும்பப் பட்டியலில் அன்றைக்கு ஒரு பெயரும் ஏறவில்லை, அதனால் அதைத் தொடவில்லை. மெஷின் தடுமாறாமல் ஓடுவதற்காக, ஏ வருகிற இடத்தில் அதை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் குடும்பப் பட்டியலுக்கு அனுப்பும்படி கோடிங்கில் ஒரு வரி எழுதினான். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஆபீசர் வந்தார், குத்துவிளக்கு ஏற்றினார், ஜெயவேலுக்குச் சால்வை போர்த்தினார். அப்புறம் பார்க்கவே இல்லை.

அந்த வரியைத் தேடி எடுத்தான். அதற்கு மேலேயே குறிப்பு எழுதி வைத்திருந்தான், தன் பெயரோடு, தேதியோடு: தற்காலிகம், பிறகு சரி செய்யவும். ஸ்வர்ணலதா வேலைக்குச் சேர்ந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

அவள் பண்ணிய போனும் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. "சார், பதினாறு ஏ-ல பேருங்களைப் போட்டா காணாமப் போவுது." அப்போது அவன் சென்டரில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். "சரியா சேவ் பண்ணிருக்க மாட்டீங்க. இன்னொரு வாட்டி போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். அவள் இன்னொரு வாட்டி போட்டாள். தனகோடி இரண்டு தடவை பச்சையப்பனுக்கு மனைவியானது அப்படித்தான்.

ஜெயவேலுக்குக் காதெல்லாம் சுட்டது. தனியாகத்தான் உட்கார்ந்திருந்தான், இருந்தாலும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

வேலை என்னவோ அரை நாளில் முடிந்துவிட்டது. குடும்பப் பட்டியலின் வகையையும் மாற்றினான், ஏவை வெட்டுகிற வரியை எடுத்தான், இடம் மாறின பெயர்களை ரேஷன் கார்டு நகல்களோடு ஒத்துப்பார்த்து அவரவர் தறிக்கு அனுப்பினான். பிறகு கோட்டை இழுத்துவிட்டான். நின்றது. அந்த வாரமே புது அட்டை வந்தது. பச்சையப்பனுக்கு ஒரே மனைவி. அவர் அந்த அட்டையை எடுத்துக்கொண்டே கண்ணமங்கலம் போய்ப் பொன்னம்மாளை அழைத்துவந்தார்.

"நீ இல்லன்னா பெரிய பேஜாரா பூட்டிருக்கும்" என்று சம்பந்தம் அவன் தோளைத் தட்டினார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்தான். "வந்தவாசிக்காரங்க உன்னைப் பத்திக் கேட்டாங்க. தங்கமான பையன்னு சொல்லிருக்கேன்" என்றார் அவர். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான். நாளை வந்தது, போயிற்று. முதலில் வந்தவாசி வேலை கையெழுத்தாகட்டும் என்று இருந்தான். சோறு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று வீட்டில் கேட்டதற்கு வெயில் என்றான். சென்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது போர்டில் இரண்டு பெட்டிகள் வரைவான், நடுவில் கோடு போடும் நேரத்தில் கை நின்றுவிடும். தான் ஒன்றும் கெட்டவன் இல்லை என்று அவன் அதுவரை நிச்சயமாக நம்பிக்கொண்டிருந்தான். ஊரில் முக்கால்வாசிப் பேர் தங்களைப் பற்றி அப்படித்தான் நம்பிக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். அவனால் இனிமேல் அது முடியவில்லை.

பதினோராவது நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் ஸ்வர்ணலதாவைப் பார்த்தான். கண்ணமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போய்வருகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தான். அவள் ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, அவனைப் பார்த்ததும் "வணக்கம் சார்" என்றாள், எப்போதும்போல. அவள் திட்டியிருந்தால்கூட அவன் இன்னும் ஒரு வாரம் தள்ளியிருப்பான். அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனான்.

அவள் அம்மா விருத்தாம்பாள் ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "சார் வந்துகீறாரு, டீ போடு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகு அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"படிச்சவங்க நீங்க, உங்களையே கேக்கறேன் சார். எம்பொண்ணு தொடவே இல்லைன்னு சொல்லுது. அது பொய் சொல்லாது. தெருவுல போனா, பச்சையப்பனுக்குப் பொண்டாட்டி சேத்து வச்சது இதுதான்னு சிரிக்கறாங்க. அது தானா அறுந்து போவாதா சார்? எப்பனா ஒரு வாட்டி?"

போகும் என்று சொல்லிவிடலாம். கரண்டு போய்ப் போய் வருகிற ஊர், கம்ப்யூட்டரில் எதுவும் நடக்கும் என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? இவளுக்கும் ஆறுதல், தனக்கும் வழி. அந்தப் பொய் நுனி நாக்கு வரைக்கும் வந்தது. எதிரில் அந்த அம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தானா போவாதுங்க. நான்தான் எடுத்தேன்" என்றான்.

எட்டாம் நம்பர், திறப்பு விழா, அந்த ஒரு வரி, போனில் தான் சொன்னது எல்லாவற்றையும் சொன்னான். ஸ்வர்ணலதா டீயோடு வந்து பாதியிலேயே நின்றுவிட்டாள். அவன் முடிக்கும்வரை அசையவில்லை.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் சார்?"

"மறுநாள்லேர்ந்து."

"மறுநாள்லேர்ந்து" என்று அவளும் சொன்னாள். டம்ளரை அவன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். "காலைல பஸ்ல உங்களுக்கு வணக்கம் சொன்னேனே சார்."

ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"இதை இங்க வந்து ஏன் சொல்றீங்க? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்குப் பன்னெண்டு பேர் முன்னாடி சொன்னீங்க. இதையும் அங்கயே போயி சொல்லுங்க."

விருத்தாம்பாள் மறுபடியும் ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள். அவன் எழுந்து வந்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்துக் குழு கூடியது. ஜெயவேல் அனுமதி கேட்டு வாங்கி முதல் ஆளாகப் பேசினான். பயந்துகொண்டுதான் போனான். வந்தவாசி போச்சு, ஆரணியிலும் பெயர் போச்சு, இனிமேல் சென்டருக்கு நாலு பிள்ளைகள் வந்தால் அதிசயம் என்று எல்லாவற்றுக்கும் மனதைத் தயார் செய்துகொண்டு போயிருந்தான். ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடித்ததும் சம்பந்தம்தான் முதலில் சிரித்தார்.

"அட, பதினாறு ஏவா! நான்தானேப்பா அன்னிக்கு மாத்தச் சொன்னேன்!"

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். மனுஷனுக்கு மறதி சகஜம் என்றார் ஒருத்தர். அன்றைக்கு ஸ்வர்ணலதா கோபத்தைத் தீர்த்துக்கொண்டாள் என்று சொன்னவர், "ஒத்துக்கினான் பாரு, அதுக்கே பெரிய மனசு வேணும்" என்றார். டீ வந்தது. மூன்று நிமிஷத்தில் அவனை மன்னித்துவிட்டார்கள். அவனுக்கு அந்த டீயைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை.

"ஸ்வர்ணலதாவைத் திரும்பக் கூப்பிடணுங்க" என்றான்.

சிரிப்பு நின்றது. சம்பந்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வந்துப்பா... நேத்துதான் ஒரு பொண்ணைப் போட்டோம். தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் ஆயிடுச்சி. நம்ம துணைத் தலைவரோட அண்ணன் பொண்ணு. நீ ஒரு வாரம் முன்னாடி சொல்லிருந்தீன்னா கதையே வேற."

"அப்படின்னா தப்பு என்னோடதுதான்னு மினிட்ஸ்லயாவது எழுதுங்க."

"எதுக்குப்பா அதெல்லாம்? சங்கத்துக்குத்தானே கெட்ட பேரு. நீ சொல்லிட்ட, நாங்க கேட்டுகினோம், உடு. போயி அந்தப் பொண்ணுக்கு மெஷினைக் காட்டு."

அவன் எழுதச் சொல்லி இன்னும் இரண்டு தடவை கேட்டான். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த அறையில் புதுப் பெண் பவித்ரா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். அவனைப் பார்த்ததும் எழுந்தாள். உட்காரச் சொன்னான். திரையில் அந்த இரண்டு பெட்டிகளைத் திறந்து காட்டினான். நடுவில் கோடு இருந்தது.

"இதைத்தான் சார் முன்னாடி இருந்த அக்கா கெடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள் பவித்ரா. "எங்க தெருவுல எல்லாரும் சொல்லிகினு இருந்தாங்க."

"இல்லம்மா. அவங்க ஒண்ணும் கெடுக்கல. இதை எடுத்தது நான்தான். அவங்க சேர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

பவித்ரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண்ணில் மரியாதை கூடியது.

"சித்தப்பா உங்களைத் தங்கமான மனுஷன்னு சொன்னது சரிதான் சார். அவங்களைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு உங்க மேலயே போட்டுக்கறீங்க."

"போட்டுக்கலம்மா. நெஜமாவே நான்தான்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு, நல்லவர்களிடம் வாதாடக் கூடாது என்பதுபோல், அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.